குறிஞ்சி மலையும் தனிநாயகம் அடிகளாரும்

செண்பகனூரில் வாழும் நமக்குக் குறிஞ்சி புதியதன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அம்மலர், 2018ஆம் ஆண்டில் நம் மலைச்சரிவுகளை நீலமாக்கிற்று. ஆனால் ஒரு நிலத்திற்கே பூவின் பெயரைச் சூட்டப் பழந்தமிழருக்கு ஏன் தோன்றிற்று என்று நாம் எண்ணியதுண்டா?

அதனை ஆழ்ந்து எண்ணியவர் அருட்தந்தை சேவியர் தனிநாயகம் அடிகளார். அரசர்களின் வரலாற்றை எழுதுவோர் பலர். எண்ணங்களின் வரலாற்றைத் தேடுவோர் சிலர். அடிகளார் அச்சிலருள் ஒருவர்.

யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பொன்னில் 1913இல் பிறந்த அவர், 1938இல் உரோமையில் குருப்பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்தது பண்டைய கார்த்தேஜ் திருச்சபையைப் பற்றி. பிற மொழிகள் பல கற்றிருந்தும், வடக்கன்குளத்தில் ஆசிரியராக அமர்ந்தபோது தமிழிலக்கியத்தில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை. அதற்காக அவர் நாணி ஒதுங்கவில்லை. ஆசிரியராய் இருந்துகொண்டே பண்டிதர் ஒருவரிடம் மாணவரானார். பின்பு 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று, சங்கப் பாடல்களில் இயற்கை என்பதை ஆராய்ந்தார். மலையும் காடும் கடலும் வெறும் பின்னணியல்ல; மனித உள்ளத்தின் நிலைகளோடு பிணைந்தவை என்பதைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு விளக்கினார்.

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை. ஊர் ஊராய்ச் சென்ற பாணரும் புலவரும் மக்களுக்கு ஆசிரியராய் விளங்கினர் என்று காட்டினார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டையும் நடத்தினார். மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்த புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி 1679இல் அச்சானது. அதையும் 1966இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். 1980இல் இறைவனடி சேர்ந்தார்.

பழைய ஏடொன்று அழிந்தால் அதிலிருந்த எண்ணமும் அழிகிறது. நம் செண்பகனூர்த் திரு இருதயக் கல்லூரியில் சேசு சபையார் பழைய ஆவணங்களைப் பேணிக் காப்பது இதனாலன்றோ? நம் வீட்டுப் பரணிலும் பாட்டியின் கடிதங்களோ, நோட்டுப் புத்தகமோ கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒருமுறை பிரித்துப் படிப்போம். தமிழ் கடினம் என்று சோர்வுறும் தோழியரே, ஆசிரியரான பின்பும் மாணவரான அடிகளாரை நினைவில் கொள்வோம்!