சளிக்கு முன் மழை: சொல்வரிசைக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

"மழையில் நனைந்ததால் அவனுக்குச் சளி பிடித்தது." ஒரு மொழிபெயர்ப்புக் கருவி இதைத் தலைகீழாக்கி, சளி பிடித்ததால் அவன் மழையில் நனைந்தான் என்று எழுதினால் குழந்தைகூடத் தவறு என்று சொல்லிவிடும். ஆனால் கருவிகளுக்கு மதிப்பெண் போடும் 'புளூ' என்ற அளவுகோல் அப்படிச் சொல்வதில்லை. ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட இந்த முறை, ஒன்று முதல் நான்கு சொற்கள் வரையிலான தொடர்கள் மனிதர் செய்த மொழிபெயர்ப்பிலும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கும். ஆங்கிலத்தில் காரணமும் விளைவும் இடம் மாறினாலும் அந்தச் சிறு தொடர்கள் பெரும்பாலும் குலையாமல் கிடக்கும். அதனால் மதிப்பெண்ணும் அதிகம் விழாது. 2010-இல் ஜப்பானின் என்.டி.டி. நிறுவன ஆய்வாளர்கள் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார்கள்.

இது ஜப்பானியருக்கு உறைத்ததில் வியப்பில்லை. தமிழைப் போலவே அவர்கள் மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அந்நாளில் பரவலாக இருந்த 'மோசஸ்' மொழிபெயர்ப்புக் கருவி, வழக்கமான அமைப்பில் ஆறு சொற்களுக்கு மேல் தாவ விடாது. நீண்ட ஆங்கில வாக்கியத்தின் வினையைக் கடைசிக்குக் கொண்டுபோக அது எப்படிப் போதும்?

ஆகவே, ஆங்கில வாக்கியத்தை முதலில் ஜப்பானிய வரிசைக்கு மாற்றிவிட்டு, பிறகு மொழிபெயர்த்தார்கள். என்.டி.டி. குழுவின் விதி சுருக்கமானது: ஒவ்வொரு தொடரிலும் தலைமைச் சொல்லைக் கடைசியில் வை. வினை செயப்படுபொருளுக்குப் பின்னால் போகும். முன்னிடைச்சொல் நம் வேற்றுமை உருபைப்போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். 2012-இல் வந்த 'லேடர்' கருவிக்கு இலக்கணப் பகுப்பாய்வுகூட வேண்டாம். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் இணை என்று குறித்த வாக்கியங்களிலிருந்து வரிசையைத் தானே கற்கும். அந்தக் குறிப்பில் பிழை இருந்தால் கற்ற வரிசையும் கோணலாகும் என்பதை ஓட்டிப் பார்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, வரிசை தேறியதா என்று எப்படி அளப்பது? புள்ளியியலாளர் மாரிஸ் கெண்டல் 1938-இல் தந்த வழி ஒன்று உண்டு. 'நான், பார்த்தேன், நரியை, காட்டில்' என்பது ஆங்கில வரிசை. 'நான், காட்டில், நரியை, பார்த்தேன்' என்பது நமக்கு வேண்டியது. நான்கு சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6 இணைகள். ஆங்கில வரிசையில் 3 இணைகளே சரியான முன்பின்னில் இருக்கின்றன. வினையை மட்டும் கடைசிக்குத் தள்ளினால் 5 சரியாகிவிடும். என்.டி.டி.யின் 'ரைபஸ்' அளவுகோலுக்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. சொற்கள் வாக்கியத்தின் இரு கோடிகளில் நின்றாலும் அவற்றின் முன்பின்னை இது பார்ப்பதால், சளியும் மழையும் இடம் மாறினால் மதிப்பெண் சரியும்.

ஆனால், 5 பெற்ற அந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள்: "நான் நரியைக் காட்டில் பார்த்தேன்." நல்ல தமிழ்தானே! வேற்றுமை உருபு இருப்பதால் நம் பெயர்ச்சொற்கள் தாராளமாக இடம் மாறும். பெயரெச்சம் அப்படி மாறாது. 'ஓடிய நரி' வேறு, 'நரி ஓடியது' வேறு. இந்த வேறுபாடு அளவுகோலுக்குத் தெரியாது. இரண்டு மாற்றத்துக்கும் ஒரே தண்டனைதான்.

2017-க்குப் பின் பரவிய நரம்பியல் வலையமைப்புகள் வாக்கியத்தை முழுதாகப் பார்ப்பதால், வரிசை மாற்றும் தனிக் கருவியின் தேவை குறைந்துவிட்டது. தரவு குறைந்த இடத்தில் அது இன்னும் உதவுகிறது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலிருந்து இந்திக்கு மொழிபெயர்க்கையில், துணைக்குச் சேர்த்த ஆங்கில வாக்கியங்களை இந்திய வரிசைக்கு மாற்றியபோது பலன் கூடியதாக 2019-இல் ஐ.ஐ.டி. மும்பை ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

தமிழுக்குச் சோதனைத் தொகுப்பு உருவாக்கும் கல்லூரிகளிடமும் நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே ஒரு விடையோடு நிறுத்தாதீர்கள். தமிழர் இயல்பாக எழுதக்கூடிய இரண்டு மூன்று வரிசைகளையாவது சேர்த்துக் கொடுங்கள்.