சிங்கம் பார்க்கப் போகிறீர்களா? நுளம்பையும் கவனியுங்கள்



விடுமுறைக்குக் கென்யாவின் மசாய் மாராவுக்கோ தன்சானியாவின் செரெங்கெட்டிக்கோ சஃபாரி போக எண்ணும் குடும்பங்கள் எம்மிடையேயும் உண்டு. பிள்ளைகளுக்கு மறக்கமுடியாத அனுபவம். போகுமுன் மலேரியாக் குளிசை பற்றிச் சொன்னால், "எங்களுக்கு அது ஊரிலேயே வந்து போனதுதானே டொக்டர்" என்பார்கள்.

நாமும் மலேரியாவோடு வளர்ந்தவர்கள்தான். குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்னும் நினைவில் நிற்கிறது. ஆனால் அந்த எதிர்ப்புச் சக்தி நிலைப்பதில்லை; மலேரியா இல்லாத நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தாலே குறைந்துவிடும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அது அறவே இல்லை. இலங்கையே 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டுவிட்டது.

அத்துடன், ஊரில் நாம் பெரும்பாலும் கண்டது வைவாக்ஸ் வகை. ஆபிரிக்காவில் அதிகம் இருப்பது பல்சிபாரம். மூளையையும் சிறுநீரகங்களையும் தாக்கி, சில நாட்களுக்குள் உயிரைப் பறிக்கக்கூடியது. பழைய குளோரோகுயின் அங்கு போதிய பாதுகாப்புத் தராது.

போகுமுன்:
• 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே வைத்தியரைச் சந்தியுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது.
• கென்யாவிலிருந்து நேரே இந்தியாவுக்கோ இலங்கைக்கோ போவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. ஊசி போட்டு 10 நாட்களின் பின்னரே அது செல்லுபடியாகும்.

அங்கே:
• மலேரியா நுளம்பு கடிப்பது மாலை முதல் விடியும் வரை. நீளக்கை உடுப்பு, நுளம்புத் தைலம், நுளம்பு வலை மூன்றும் வேண்டும்.
• வழிகாட்டி சொல்லாமல் வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம். குரங்கோ நாயோ கடித்தால் 15 நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவி, விசர்நோய்த் தடுப்பூசிக்கு உடனே வைத்தியரிடம் செல்லுங்கள்.

வந்த பின்:
• குளிசையை இடையில் நிறுத்தாதீர்கள். சிலவற்றைத் திரும்பி வந்து 7 நாட்களும், சிலவற்றை 4 வாரங்களும் எடுக்கவேண்டும்.
• 3 மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், "தடிமன் காய்ச்சல்தான்" என்று பரசெற் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றே வைத்தியரிடம் போங்கள். இரவென்றால் 116117க்கு அழையுங்கள். மயக்கம், தடுமாற்றம் இருந்தால் 113. முதல் வார்த்தையாக "ஆபிரிக்கா போய் வந்தோம்" என்று சொல்லுங்கள். சொன்னால்தான் இரத்தத்தில் மலேரியாவைத் தேடுவார்கள்.

நேரத்தோடு கண்டுபிடித்தால் முற்றாகக் குணமாகும் நோய் இது. தாமதம்தான் ஆபத்து.