உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிப் பெட்டிக்குள் நம்மூர் நூல்

● ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலை 1961-இல் தொடங்கியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனிகள் பல. துணிக் கண்காட்சிக்குப் போக நம்மைவிட உரிமையுள்ளவர்கள் யார்?

● மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணி, நைஜீரியாவின் கலபாரி மக்களுக்குத் தலைமுறைச் சொத்து. 'இஞ்சிரி' என்கிறார்கள். அதை அப்படியே கட்டுவதில்லை. சில இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவிவிட, கட்டத்துக்குள் புதிய கோலம் எழும். அதற்குப் பெயர் 'பெலெட்டே பிட்டே'. இங்கே ஒருவர் கோத்த நூலை அங்கே ஒருவர் பிரித்துக் கலையாக்குகிறார். இதைவிட நவீனமான துணிக்கலை எனக்குத் தெரியாது.

● அதே மெட்ராஸ் கட்டத் துணி 1960-களில் அமெரிக்காவில் 'சாயம் போகும், உத்தரவாதம்' என்ற விளம்பரத்தோடே விற்றது.

● துணிக் காட்சிக்கூடம் ஏன் மங்கலாக இருக்கிறது? பழந்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சமே உச்சவரம்பு என்பது அருங்காட்சியக வழக்கம். வெளிச்சத்தில் வெளுத்த நிறம் திரும்பாது. ஃபிளாஷ் வேண்டாமே.

● காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு, ஆக மூன்று நாடாக்கள். அதனால்தான் தறியில் துணைக்கு இன்னொரு ஆள். உடலும் கரையும் சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். நெசவாளியின் கை அங்கேதான் தெரியும்.

● தென்மாவட்டப் பாட்டிகளின் காதணியான பாம்படம் பார்க்கக் கனமான தங்கக் கட்டி. உள்ளே இருப்பது அரக்கு அல்லது மெழுகு. மேலே மெல்லிய தகடு. உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாக அடுக்கிய அந்த வடிவத்தை, இன்றைய நகை வடிவமைப்பாளர் மேசையில் வைத்தாலும் புதிதாகத்தான் இருக்கும்.

● ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. தகட்டில் புள்ளி குத்திய அலங்காரம்.

● இக்காலக் கைவினைக் கலைஞர்களின் கண்காட்சிகளுக்கு முட்டுக்காடு தட்சிணசித்ரா. 1996-இல் திறந்தது, செவ்வாய் விடுமுறை.

● எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் சென்ட்ரல் வரை மின்சார ரயிலிலும், பூந்தமல்லிக்காரர்கள் நெடுஞ்சாலைப் பேருந்திலும் போகலாம். பாட்டியையும் அழைத்துச் செல்லுங்கள். பாம்படத்தைப் பற்றி அவர் சொல்வது பெயர்ப்பலகையில் இருக்காது. வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்று விடுமுறை.