வண்டிக்குப் பின்னே ஒரு வீடு!

கோபாலபுரத்துக்கும் அமெரிக்காவுக்கும் எவ்வளவு தூரம்? பூகோள வாத்தியாரைக் கேட்டால் 13,000 கிலோ மீட்டருக்கு மேல் என்று கணக்குச் சொல்வார். கோபாலபுரத்துத் தாய்மார்களைக் கேட்டாலோ, "இதோ, ஜெமினி முனையில் கான்ஸலேட் ஆபீஸ், அந்த வாசலைத் தாண்டிவிட்டால் அமெரிக்காதானே!" என்பார்கள். பிள்ளையோ பெண்ணோ அங்கே குடித்தனம் நடத்த, ஆறு மாதம் போய்த் தங்கிவிட்டு வருவது நம் பக்கத்துக் குடும்பங்களில் மாம்பலத்துக்குப் போய் வருவதுபோல் ஆகிவிட்டது.

அப்படி ஒரு வீட்டில் ஒரு நாள் இரவு டெலிபோன் மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அம்மா! நாங்கள் ஒரு டிரெய்லர் வீடு வாங்கப் போகிறோம். அதை இழுக்க ஒரு பிக்கப் லாரியும் பார்த்து வைத்திருக்கிறோம். நீயும் அப்பாவும் வந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து ஊர் சுற்றலாம்!"

சந்தோஷமான சமாசாரம்தான். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "அந்த லாரியில் எங்களுக்கு இடம் இருக்கிறதா?"

பிள்ளை சிரிப்பான். "ஆறு பேர் தாராளமாக உட்காரலாம், அம்மா!" என்பான். நீங்கள் கேட்டது ஆசனத்தை அல்ல, எடையை. கெட்டிக்காரர்கள்கூடக் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அது என்ன டிரெய்லர் வீடு?

கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் கேரவன் வண்டியைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அது எஞ்சினும் அறையும் ஒன்றாய் அமைந்த ஒரே வண்டி. டிரெய்லர் வீடு அப்படி அல்ல. அதற்கு எஞ்சின் கிடையாது. சக்கரத்தின்மேல் ஒரு சின்ன வீடு; அவ்வளவுதான். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, குளிக்கும் அறை எல்லாம் உண்டு. முன்னால் ஒரு லாரி இழுத்துக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் வீட்டைக் கழற்றி நிறுத்திவிட்டு, லாரியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வரலாம். இதுதான் இதில் உள்ள சௌகரியம்.

அமெரிக்காவில் இது நேற்று வந்த மோகம் அல்ல. வெள்ளி மாதிரி பளபளக்கும் 'ஏர்ஸ்ட்ரீம்' டிரெய்லர்களைச் செய்யும் தொழிலை வாலி பையம் என்பவர் 1931-ல் தொடங்கினார். அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கண்டம் விட்டுக் கண்டம் பிரயாணம் செய்தவர்களும் உண்டு.

"அப்படியானால் தாத்தாவும் பாட்டியும் அந்த வீட்டுக்குள்ளேயே சௌகரியமாகப் படுத்துக்கொண்டு வரலாமே?" என்று தோன்றுகிறதா? கூடவே கூடாது. ஓடுகிற டிரெய்லர் வீட்டுக்குள் ஆள் உட்கார்ந்து வருவதைப் பல மாநிலங்களில் சட்டமே தடுக்கிறது. உள்ளே ஆசன வார் கிடையாது, குலுக்கல் வேறு. ஆகவே எல்லாரும் லாரியில்தான் வந்தாக வேண்டும். கணக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது.

மாட்டு வண்டி சொல்லும் பாடம்

நம் பாட்டனார் காலத்து மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டியில் மூட்டை அடுக்கும்போது, "முன்பாரம் ஆகாது, பின்பாரமும் ஆகாது" என்பார் வண்டிக்காரர். முன்பாரமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கும். கழுத்துக் கயிறு இறுகி மாடு திணறும்.

டிரெய்லர் வீட்டின் சூட்சுமமும் இதுவேதான். அதன் ஏர்க்கால் லாரியின் பின்புறத்துக் கொக்கியில் வந்து உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வீதம் அந்தக் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வண்டி பாம்பு போல இப்படியும் அப்படியும் நெளியும். அதிகமானால் லாரியின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும். திருப்பினால் திரும்பாது, பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

ஆக, லாரிக்கு இரண்டு வேலை. பின்னால் வருவதை இழுக்க வேண்டும். கொக்கியில் இறங்குவதை முதுகில் சுமக்கவும் வேண்டும். விளம்பரம் முதல் வேலையைத்தான் கொட்டை எழுத்தில் போடும். குடும்பத்துக்கு முக்கியமானது இரண்டாவது.

விளம்பரத்தில் வரும் எண்

'இந்த லாரி 5,000 கிலோ இழுக்கும்!' என்று விளம்பரம் சொல்லும். அது பொய் அல்ல. எஸ்.ஏ.இ. ஜே-2807 என்று ஒரு சோதனை விதி இருக்கிறது. 2011-ஆம் வருஷ மாடலுக்கு டொயோட்டா டன்ட்ரா முதலில் அதை ஏற்றது. மற்றக் கம்பெனிகள் பிறகு வந்து சேர்ந்தன. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகே ஏறக்குறைய 18 கிலோ மீட்டர் நீளமுள்ள மேட்டுச் சாலையில், குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு சுமையுடன் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு பரீட்சை.

ஆனால் அந்தக் கணக்கில் லாரிக்குள் எத்தனை பேர் தெரியுமா? ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் துணைக்கு ஒருவர். ஆளுக்கு 150 ராத்தல், அதாவது 68 கிலோ. பேரக் குழந்தைகள் இல்லை. தாத்தா பாட்டி இல்லை. அரிசி மூட்டை இல்லை!

கதவைத் திறந்து பாருங்கள்

உண்மையான எண் விளம்பரத்தில் இல்லை. லாரியின் கதவில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், நிலையில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது' என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். கொக்கியில் இறங்கும் பாரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பென்சிலை எடுங்கள். சாமானும் தண்ணீரும் ஏற்றிய டிரெய்லர் 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் கொக்கிப் பாரம் 390 கிலோ. கதவுச் சீட்டு 680 கிலோ என்கிறது. மீதி 290. பாரத்தைச் சமமாகப் பங்கிடும் கொக்கிச் சாமான் ஒன்று மாட்டுவார்கள். அதன் எடையே ஒரு 40 கிலோ. மீதி 250.

இனி ஆட்களை ஏற்றுவோம். பிள்ளை 80, மருமகள் 65, குழந்தைகள் இருவரும் சேர்ந்து 55. ஆக 200 கிலோ. மீதி 50தான். தாத்தா 70, பாட்டி 60. போச்சு! 80 கிலோ அதிகமாகிவிட்டது. இன்னும் ஒரு பெட்டிகூட ஏற்றவில்லை!

5,000 கிலோ இழுக்கும் லாரி, 3,000 கிலோ வீட்டைக் கட்டிய உடனே தாத்தா பாட்டிக்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டது. ஆசனம் இருக்கிறது, உட்கார்ந்தால் ஆபத்து.

பரிகாரம் இரண்டு. ஒன்று, வீட்டைச் சிறியதாக்குவது. அதே லாரியில் 2,000 கிலோ டிரெய்லரைக் கட்டினால் கொக்கிப் பாரம் 260 கிலோதான். ஆறு பேரும் ஏறிய பிறகும் 50 கிலோ கைவசம் நிற்கும். மற்றொன்று, லாரியைப் பெரியதாக்குவது. ஃபோர்டு எஃப்-150, ஷெவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 ஆகியவற்றை அங்கே 'அரை டன்' லாரி என்பார்கள். அதற்கு மேல் எஃப்-250, 2500 என்ற 'முக்கால் டன்' ரகம். அவை அதிகம் சுமக்கும். ஆனால் விலை கூடுதல், வெறுமனே ஓட்டும்போது முரட்டுக் குலுக்கல், கார் நிறுத்தும் இடத்தில் அடங்காத நீளம். தினம் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதே வண்டிதான் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு வேடிக்கை. பெயரும் எஞ்சினும் ஒன்றாகவே இருந்தாலும், தோல் ஆசனம், கண்ணாடிக் கூரை என்று அலங்காரம் கூடக் கூட லாரி சுமக்கும் எடை குறையும். அலங்காரத்துக்கும் எடை உண்டு அல்லவா? ஆகவே கடையில் நிற்கும் எந்த லாரியை வாங்குகிறார்களோ, அதே லாரியின் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்து வண்டியின் சீட்டு இதற்கு உதவாது.

ஏறுவதைவிட இறங்குவது பெரிது

மேடு ஏறத் திணறினால் மெதுவாகப் போகலாம். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால்? அதனால் டிரெய்லருக்குத் தனியாக மின்சார பிரேக் இருக்க வேண்டும். அதை இயக்கும் கருவி லாரியில் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தப்பித் தவறிக் கொக்கி கழன்றால் தானாகவே டிரெய்லரின் பிரேக்கைப் போடும் விசை ஒன்று உண்டு; ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காகப் பின்னிய இரண்டு சங்கிலிகளும் வேண்டும். இறக்கத்தில் சிறிய கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடுவது நல்ல பழக்கம்.

பெரிய லாரி ஒன்று பக்கத்தில் விரைந்து போகும்போதோ, குறுக்குக் காற்றிலோ டிரெய்லர் ஆடத் தொடங்கினால், பயந்து பிரேக்கை மிதிப்பதுதான் மனித சுபாவம். அதைச் செய்யக் கூடாது. திருப்பு சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைத் தளர்த்தி, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் மெல்லப் போட வேண்டும்.

மூட்டை கட்டுவது யார்?

சாவி யார் கையில் இருந்தாலும், சாமான் அடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் நம் தலையில்தான். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 150 லிட்டர்த் தொட்டி நிறைந்தால் 150 கிலோ. பத்து நாள் பிரயாணத்துக்கு அரிசி, பருப்பு, குக்கர், கிரைண்டர் என்று நாம் கட்டும் மூட்டையோ கேட்கவே வேண்டாம்! டிரெய்லர் விற்பவர் சொல்லும் எடை காலி வீட்டின் எடை. குடித்தனம் ஏறிய பிறகு உள்ள எடையே கணக்கு.

கனமான சாமான்களைத் தரையோடு, அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். சுமையில் நூற்றுக்கு அறுபது முன்பக்கம், நாற்பது பின்பக்கம் என்பது பழகியவர்கள் சொல்லும் அளவு. குழந்தைகளின் சைக்கிள்களைப் பின்புறத்தில் தொங்க விட்டால் ஏர்க்கால் மேலே தூக்கும், அதுதான் பின்பாரம்.

எல்லாம் ஏற்றிய பிறகு, ஒரு முறை எடை மேடைக்குப் போய் வரச் சொல்லுங்கள். அங்கே நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிலையங்களில் 'கேட் ஸ்கேல்' என்ற எடை மேடை இருக்கும். சில டாலர் செலவில் ஒவ்வோர் அச்சின் பாரத்தையும் தனித்தனியே எழுதிக் கொடுப்பார்கள். பெட்ரோல் செலவும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: டிரெய்லரைக் கட்டினால் கேலனுக்கு ஓடும் தூரம் பாதியாகக் குறைவது சாதாரணம்.

நம் ஊரில் முடியுமா?

பிக்கப் லாரிகள் இங்கேயும் வந்துவிட்டன. நம் சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸ் 2016-ல் வந்தது. டொயோட்டா ஹைலக்ஸ் 2022-ல் வந்தது. டிரெய்லர் வீடுதான் அபூர்வம். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தபோதும், எஞ்சினோடு கூடிய வண்டிகளே முன்னால் வந்தன. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரைத் தனி வண்டியாகவே பதிவு செய்ய வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணையும் அதன் பின்னால் எழுத வேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகையில் ஹைலக்ஸ் இத்தனை இழுக்கும் என்று போட்டிருந்தால், அந்த எண்ணை இங்கே விற்கும் வண்டிக்கு ஒட்டிப் பார்க்காதீர்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள். அப்புறம் கோபாலபுரத்துத் தெருவில் அதை எங்கே நிறுத்துவது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்!

டெலிபோனில் கேட்க ஆறு கேள்விகள்

1. பிரயாணத்துக்கு எத்தனை பேர்? எல்லாருடைய எடையும் எவ்வளவு? (இதுதான் முதலில், வீடும் லாரியும் அதற்குப் பிறகு.)

2. டிரெய்லர் நிறையச் சாமான் ஏற்றிய பின் எவ்வளவு எடை? அதில் நூற்றுக்குப் பதின்மூன்று வீதம் என்ன?

3. வாங்கப் போகும் லாரியின் கதவுச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது?

4. ஆட்களும் கொக்கிப் பாரமும் கழித்து, பெட்டி படுக்கைக்கு என்ன மிஞ்சுகிறது?

5. டிரெய்லருக்குத் தனி பிரேக்கும், அதை இயக்கும் கருவியும், சங்கிலியும் உண்டா?

6. டிரெய்லரின் டயருக்கு வயது என்ன? (டயரின் பக்கத்தில் கடைசியாக உள்ள நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம்.)

ஆறுக்கும் ஒழுங்காகப் பதில் வந்துவிட்டால் பெட்டியைக் கட்டுங்கள். நாலாவது கேள்விக்குப் பிள்ளை கொஞ்சம் தயங்கினால், "சின்ன வீடாகவே பாரப்பா, எல்லாருமாகப் போவதல்லவா முக்கியம்?" என்று சொல்லிவிடுங்கள்.