வேருக்கும் பங்கசுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல்

நீங்கள் நிற்பது தங்கமலைக் காட்டின் ஓரம். அப்புத்தளையில், 1931இல் கட்டப்பட்ட அடிசம் மாளிகைக்குப் பக்கத்தில், தேயிலைக்குத் தப்பி நிற்கும் மலைக்காடு இது.

இந்த மலைமண் புளிப்பு மிக்கது. அதில் பொசுபரசு உண்டு. ஆனால் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. வேர் தனியே முயன்றால் கிடைப்பது சொற்பம். அதனால் மரங்கள் பங்கசுகளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்கின்றன. தலைமயிரை விடப் பலமடங்கு மெல்லிய அவற்றின் இழைகள், வேர் எட்டாத இடுக்குகளில் நுழைந்து பொசுபரசையும் நீரையும் கொண்டுவருகின்றன. கூலி, இலை தயாரித்த சர்க்கரை. தேயிலை வேரிலும் இதே ஏற்பாடுதான். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் பெயர் ஏறாத தொழிலாளி இந்தப் பங்கசு!

தேயிலைக்கு நிழலாக நடும் முள்முருங்கைக்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு. அதன் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். உயிர்ப்புள்ள ஒன்றைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. முடிச்சினுள் வாழும் றைசோபியம் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும் வடிவில் மாற்றுவதற்கு அதுவே அடையாளம்.

ஊவாவின் புற்றரைகளிலும் கைவிட்ட தேயிலை நிலங்களிலும் நட்ட கரிபியன் பைனுக்கோ வேறு வகைப் பங்கசு வேண்டும். அது வேர் நுனியைச் சுற்றி மூடி வளர்வது. பச்சையாக இருக்கிறதே என்று பைன் தோப்பை இந்தக் காட்டுக்கு ஈடாக எண்ண வேண்டாம். மேலே மரம் மாறினால் மண்ணுக்குள் வாழும் கூட்டமும் மாறிவிடும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட மண் இறுகும்; காற்று குறையும்; இழைகள் அறுபடும். சருகையும் அள்ளிச் செல்லாதீர்கள்.