அடுக்களையும் ஒரு தவச்சாலை

தவம் என்றதும் காடும் மலையும் நம் நினைவுக்கு வருகின்றன. கண்மூடி அசையாது வீற்றிருக்கும் ஒரு முனிவரின் உருவம் மனக்கண்முன் தோன்றுகின்றது. அரிசி களைதலும், பாத்திரந் துலக்குதலும், பாடம் படித்தலும் ஒருபுறம். ஆன்மிகம் மற்றொருபுறம் என்றே நம்மிற் பலர் கருதி வாழ்கின்றோம். வேலைகள் எல்லாம் ஓய்ந்தபின் கடவுளை நினைக்கலாம் என்று நாளைக் கடத்துவோரும் உளர். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், யப்பானிய இளந்துறவி ஒருவரும் இவ்வாறே எண்ணியிருந்தார். அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் சமையல் வேலை செய்த முதியவர் இருவர்.

அவ்விளந்துறவியின் பெயர் டோகென். அவர் 1200 ஆம் ஆண்டிற் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். கியோத்தோ நகருக்கு அண்மையிலுள்ள ஹியெய் மலையிலே இளமையிற் துறவு பூண்டவர். ஆங்கே ஓர் ஐயம் அவரை வாட்டியது. எல்லா உயிர்களிடத்தும் புத்த இயல்பு முன்னரே அமைந்துள்ளதென்று நூல்கள் கூறுகின்றன. அங்ஙனமாயின், பயிற்சி எதற்கு? துறவு எதற்கு? மனநிறைவான விடை கிடைக்காமையால், 1223 ஆம் ஆண்டில் அவர் சீன தேசத்துக்குக் கப்பலேறினார். வடமொழியிலே ‘தியானம்’ எனப்படுவது சீனத்திலே ‘சான்’ எனவும், யப்பானிலே ‘ஜென்’ எனவும் வழங்கும். அந்தத் தியான மரபு அக்காலத்திற் சீனாவிலே தழைத்திருந்தது.

கப்பல் இன்றைய நிங்போ துறைமுகத்தில் நின்றது. டோகென் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, அறுபத்தொரு வயதுடைய சீனத் துறவி ஒருவர் யப்பானியக் காளான் வாங்க வந்தார். அவர் அசோக மலை மடத்தின் சமையற் பொறுப்பாளர். நம் இலங்கைக்கு மகிந்தரை அனுப்பிய அதே அசோகச் சக்கரவர்த்தியின் பெயரையே அம்மலை தாங்கி நிற்கின்றது. மறுநாள் துறவிகளுக்குச் சிறப்பான உணவு அளிப்பதற்காக, பத்து மைலுக்கு மேற்பட்ட தூரத்தை அவர் நடந்தே கடந்து வந்திருந்தார்.

இரவு தங்கிச் செல்லுமாறு டோகென் அவரை வேண்டினார். நாளைய உணவைத் தாமே கவனிக்க வேண்டும் என்று சொல்லி முதியவர் மறுத்தார். இத்தனை வயதில் தியானத்தில் அமர்வதையும் நூலாராய்வதையும் விட்டுச் சமையல் வேலையில் ஏன் உழல வேண்டும் என்று டோகென் வினவினார். முதியவர் வாய்விட்டு நகைத்தார். பயிற்சி என்பது யாதென இந்த வெளிநாட்டு இளைஞருக்கு இன்னும் விளங்கவில்லை என்று கூறிவிட்டு, இருட்டுமுன் மடம் சேர விரைந்தார்.

பின்னர் டோகென் தியெந்தோங் மலை மடத்திற் பயின்றார். ஒரு நாள் நண்பகல் வேளையில், அம்மடத்துச் சமையற் பொறுப்பாளர் சுடுவெயிலிற் காளான் உலர்த்திக் கொண்டிருந்தார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. தலையிலே தொப்பியும் இல்லை; வியர்வை வழிந்தது; முதுகு வில்லென வளைந்திருந்தது. வேலையாள் ஒருவரைக் கொண்டு இதனைச் செய்விக்கலாகாதா என்று டோகென் இரங்கிக் கேட்டார். பிறர் தாமாக மாட்டார் என்பதே முதியவர் தந்த மறுமொழி. வெயில் தணிந்தபின் செய்யலாமே என்றதற்கு, எந்த நேரத்துக்காகக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். டோகென் வாயடைத்து நின்றார்.

நூல்களிற் கிடைக்காத விடை அவருக்கு இங்கே துலங்கத் தொடங்கியது. பயிற்சி என்பது என்றோ ஒருநாள் கிட்டப்போகும் ஞானத்துக்கு முன்பணம் கட்டுவதன்று. உள்ளிருக்கும் புத்த இயல்பு வெளிப்படும் இடமே பயிற்சி. ஆதலின் பயிற்சியும் ஞானமும் இரண்டல்ல என்பது அவர் பிற்காலத்தில் வலியுறுத்திய கொள்கை. இதனால் தியானம் வேண்டாவென்று அவர் சொன்னார் என எவரும் கருதற்க. அமர்ந்து தியானித்தலையே அவர் தம் நெறியின் நடுநாயகமாக வைத்தார். அமர்ந்திருக்கும்போது உள்ள அதே மனம் எழுந்து நடக்கும்போதும், அகப்பை பிடிக்கும்போதும் மாறாதிருக்க வேண்டும் என்பதே அவர் கருத்து.

1227 ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய டோகென், 1237 இல் மடத்துச் சமையற் பொறுப்பாளருக்கென ஓர் அறிவுரை நூல் இயற்றினார். ‘தென்ஸோ கியோகுன்’ என்பது அதன் பெயர். அரிசியைத் தம் கண்ணைப் போலப் பேண வேண்டும். மணலை அரித்து நீக்கும்போது ஒரு மணி அரிசியும் வீணாகலாகாது. அரிசி களைந்த நீரையும் அலட்சியமாகக் கொட்டலாகாது. பாத்திரங்களை உரிய இடத்தில் வைக்க வேண்டும். நல்ல கறி கிடைத்ததென்று துள்ளுதலும், எளிய கீரைதானே என்று சோர்தலும் ஆகா. இவ்வேலைக்கு மகிழ்ந்த உள்ளம், பெற்றோரின் உள்ளம், பரந்த உள்ளம் என மூன்றும் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அவர் 1253 இல் மறைந்தார். 1244 இல் அவர் நிறுவிய எய்ஹெய்ஜி மடம், சோத்தோ என்னும் ஜென் பிரிவின் இரு தலைமை மடங்களில் ஒன்றாக இன்றும் விளங்குகின்றது.

இனி, நம் இல்லங்களை நோக்குவோம். அடுக்களை வேலை தவத்துக்கு நிகரானது என்று புகழ்ந்துவிட்டு, அதனைத் தாயின் தலையில் மட்டும் சுமத்திவிடுதல் மிக எளிது. டோகெனின் போதனை அதற்குத் துணைபோவதன்று. அவருடைய மரபிலே சமையற் பொறுப்பு, மடத்தின் ஆறு உயர் பதவிகளுள் ஒன்று. முதிர்ந்த சாதகர்களுக்கே அது அளிக்கப்பட்டது. கற்றவர்க்கும் தலைவர்க்கும் இழிவாகாத வேலை, நம் வீட்டு ஆண்களுக்கும் மாணவர்க்கும் மட்டும் எவ்வாறு இழிவாகும்?

வெயிலில் நின்ற முதியவரின் மறுமொழியை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். பிறர் நாமாக மாட்டார் எனின், தாய் துலக்கிய பாத்திரத்தால் மகனுக்குப் பயிற்சி கைகூடாது. மனைவி களைந்த அரிசியால் கணவனின் உள்ளம் பண்படாது. வீட்டு வேலை முழுவதையும் ஒருவரே செய்யும்போது அவர் உடல் நோகின்றது; மற்றவர்களோ தமக்குரிய தவத்தையே இழக்கின்றனர்.

மாணவர்க்கும் இஃது பொருந்தும். பரீட்சை முடியட்டும், பின்னர் ஒழுங்காக வாழலாம் என்று எண்ணாது, இன்று விரித்த ஏட்டிலும், உண்டபின் தாமே கழுவிய கோப்பையிலும் அந்த ஒழுங்கைத் தொடங்கலாம். அதற்குக் காடும் வேண்டா, மலையும் வேண்டா. இன்று மாலை அடுப்படியில் நிற்கும் தாயைச் சற்று அமரச் சொல்லிவிட்டு, அரிசிப் பானையை நம் கையில் எடுத்துக்கொண்டாற் போதும்.