கைக்கடிகாரத்தினுள் அதிரும் கல்

காலத்தை அளத்தற்கு மக்கள் கையாண்ட கருவிகள் பல. நிழற்கோல், நாழிகை வட்டில், மணற்குடுவை, ஊசல் பூட்டிய சுவர்க்கடிகாரம், சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் என அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றுள் இறுதியிற் கூறிய இரண்டும் ஒரே நெறியில் இயங்குவன. ஒரே கால அளவில் மீண்டும் மீண்டும் நிகழும் ஓர் அசைவைப் பற்றிக்கொண்டு, அதனை எண்ணிக் காட்டுதலே அவற்றின் தொழில். அசைவு விரைவாகவும் ஒழுங்காகவும் நிகழுமாயின் எண்ணிக்கையும் நுட்பமாகும். மின்னணுக் கைக்கடிகாரத்தின் வரலாறு, அத்தகைய அசைவைத் தரவல்ல பொருளைத் தேடிய வரலாறேயாம்.

பழைய கைக்கடிகாரத்தில், மயிரிழை போன்ற சுருள்வில்லோடு கூடிய சிறு சக்கரம் நொடிக்கு ஐந்து முதல் எட்டு முறை வரை தட்டும். 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாமில்டன் கம்பெனியார் பாட்டரியால் ஓடும் கைக்கடிகாரத்தை வெளியிட்டனர். சாவி கொடுக்கும் வேலை ஒழிந்ததேயன்றி, உள்ளே தட்டியது பழைய சக்கரமேயாதலின் நுட்பம் பெரிதும் கூடவில்லை. 1960-இல் புலோவா கம்பெனியார் வெளியிட்ட அக்யூட்ரான் உண்மையில் ஒரு மாறுதல் எனலாம். மாக்ஸ் ஹெட்சல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் சக்கரத்தை நீக்கிவிட்டு, நொடிக்கு 360 முறை அதிரும் சிறு இசைக்கவை ஒன்றை அவ்விடத்தில் வைத்தார். அக்கடிகாரம் டிக்டிக் என்று ஒலிக்காமல் வண்டுபோல முரன்றது.

உலோகக் கவையினும் ஒழுங்காக அதிரவல்லது குவார்ட்ஸ் எனப்படும் படிகக்கல். மணலின் இனத்ததாகிய இக்கல்லை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றும் என்பதை 1880-இல் பியேர் கியூரி, ஷாக் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர் இருவரும் கண்டனர். மின்னழுத்தத்திற்கு உட்படுத்தினால் கல் சிறிதே நெளியும் என்பது இதன் மறுதலை. ஆகவே தக்க மின்சுற்றோடு இணைத்துவிட்டால், கல் தன் வடிவுக்கும் அளவுக்கும் உரிய வேகத்தில் இடையறாது அதிர்ந்துகொண்டேயிருக்கும். 1927-இல் அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் இவ்வகையில் முதற் கடிகாரத்தை அமைத்தனர். அஃது அலமாரி போன்று பெரிது. அவ்வலமாரியை மணிக்கட்டுக்குக் கொணர நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று.

இன்றைய கைக்கடிகாரத்துக் கல் பெரும்பாலும் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. இவ்வெண்ணைக் கேட்டதும் எனக்கு வியப்பே தோன்றியது. முப்பதினாயிரம் என முழு எண்ணாக வைத்திருக்கலாகாதா? கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். அதிற் பாதி 16,384; அதிலும் பாதி 8,192; இவ்வாறு பதினைந்து முறை பாதியாக்கினால் மீதியின்றி ஒன்று நிற்கும். வரும் துடிப்புகளில் இரண்டுக்கு ஒன்றை மட்டும் அடுத்ததற்கு அனுப்புவதே மிக எளிய மின்சுற்று. அத்தகைய சுற்றுகள் பதினைந்தைத் தொடுத்துவிட்டால் நொடிக்கு ஒரு துடிப்புக் கிடைத்துவிடும். அத்துடிப்பு ஒரு சிறு மோட்டாரைத் தூண்ட, முள் ஒருபடி தாவுகின்றது. அரை, கால், அரைக்கால், வீசம் எனப் பாதிபாதியாகப் பகுத்த நம் பழங்கணக்கை அறிந்தோர்க்கு இம்முறை புதியதன்று. நம்மவர் வீசத்திற்கு நான்கு படி இறங்கினர். கடிகாரம் அதற்கு அப்பாலும் பதினொரு படி இறங்குகின்றது.

ஒரு கல்லைச் சரியாக 32,768 முறை அதிருமாறு எங்ஙனம் வெட்டுவது? சில மில்லிமீட்டர் நீளமே உள்ள கவையாக அதனை அரித்தெடுத்தாலும், அத்துணைத் துல்லியம் முதலிலேயே வாய்ப்பதில்லை. ஆகலின் கவையின் நுனிகளிற் சிறிது பொன் பூசிவிடுகின்றனர். பாரம் கூடவே அதிர்வு தாழும். பின்னர் லேசர் ஒளிக்கற்றையைப் பொன்னின்மீது செலுத்தி, அணுவணுவாக ஆவியாக்குகின்றனர். பாரம் குறையக் குறைய வேகம் ஏறும். உரிய எண் வந்தவுடன் ஒளியை நிறுத்திவிடுகின்றனர். 1960-இல் தியோடர் மைமன் முதன்முதல் தோற்றுவித்த லேசர், இவ்வாறு கடிகாரத் தொழிற்சாலையிலும் புகுந்தது. நகை செய்வோன் பொன் குறையாமற் காக்கவேண்டும். ஈண்டோ பொன்னைக் குறைப்பதே தொழில்.

இக்கல்லுக்கும் ஒரு குறையுண்டு. 25 பாகை சென்டிகிரேடு அளவில் அது செவ்வனே அதிரும். வெப்பம் மிகினும் குறையினும் வேகம் தளரும். பத்துப் பாகை விலகினால் நாளொன்றுக்குச் சுமார் 0.3 நொடி பிந்தும். குளிர்நாட்டில் மேசைமேற் கிடக்கும் கடிகாரத்தினும், உடற்சூடு படும் கையிற் கட்டிய கடிகாரம் நன்கு ஓடுவது இதனாலேதான்.

இனி, இதனை முதலிற் செய்தவர் யார் என்பது. கடிகாரத்திற்குப் பெயர்போன சுவிட்சர்லாந்தில், கம்பெனிகள் பல கூடி 1962-இல் நியூஷாட்டெல் நகரில் ஓர் ஆராய்ச்சிக் கூடம் நிறுவின. அங்கே 1967-இல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முதன்மாதிரிகள் உருவாயின. ஆயினும் கடைக்கு முதலில் வந்தது ஜப்பானியரின் கடிகாரமே. 1969-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று டோக்கியோவில் சீக்கோ கம்பெனியார் ஆஸ்ட்ரான் என்பதை விற்பனைக்கு வைத்தனர். விலை 450,000 யென். அக்காலத்தில் ஒரு மோட்டார் காரே வாங்கத்தக்க தொகை. அதன் கல் நொடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. பிழையோ மாதத்திற்கு 5 நொடியளவே. சுவிட்சர்லாந்தினர் 1970-இல் தம் கடிகாரத்தை வெளியிட்டனர் எனினும், தலைமுறை தலைமுறையாகக் கைவந்த சக்கரத் தொழிலை விட அவர்க்கு மனமில்லை. கட்டுவோர் தள்ளிய கல்லைப் பற்றிய திருமறை வாக்கு ஈண்டு என் நினைவுக்கு வருகின்றது.

1970-இல் அந்நாட்டுக் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980-களின் நடுவிலே அது மூன்றிலொரு பங்களவாகக் குறைந்துவிட்டது. பழியனைத்தையும் கல்லின்மேற் சுமத்துவது நேர்மையன்று. சுவிட்சர்லாந்து நாணயத்தின் மதிப்பு அக்காலத்தில் ஏறியமையால் அவர்தம் சரக்கு வெளிநாடுகளில் விலை கூடியதும் ஒரு காரணம். 1983-இல் 51 உறுப்புகளே கொண்ட ஸ்வாட்ச் என்னும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரத்தைக் கொண்டே அவர்கள் மீண்டும் தலையெடுத்தனர். நம் நாட்டிலும் இக்கதை ஒருவாறு நிகழ்ந்தது. 1961-இல் பெங்களூரிற் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நெடுங்காலம் சாவிக் கடிகாரத்தையே பெரிதும் நம்பியிருந்தது. டாடா குழுமமும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமும் கூடி 1984-இல் நிறுவிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்துக் குவார்ட்ஸையே பற்றிக்கொண்டது. எச்.எம்.டி. கடிகாரத் தொழிலை மூடிவிட 2016-இல் அரசினர் முடிவு செய்தனர்.

சென்ற திங்கள் என் கடிகாரம் நின்றுவிடவே, கல்லூரிக்கு அண்மையிற் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் பின்மூடியைத் திறந்து, அரிசியினும் சிறியதொரு வெள்ளிக்குழலைக் குறட்டால் தொட்டுக் காட்டி, “கல் இதற்குள்ளேதான் இருக்கிறது, தம்பி. இதைப் பழுதுபார்ப்பாரில்லை. உள்ளிருப்பது முழுவதையும் எடுத்தெறிந்துவிட்டு வேறு வைப்பதற்கு என் கூலியினும் குறைவாகவே ஆகும்” என்றார். சாவிக் கடிகாரங்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பூட்டும் தொழிலை நாற்பதாண்டு செய்தவர் அவர். இப்பொழுது பெரும்பாலும் பாட்டரி மாற்றுதலே அவர்க்கு வேலை. எனக்கும் அதனையே மாற்றினார். பின்னர்த் தம் கையிற் கட்டியிருந்த பழைய சாவிக் கடிகாரத்தைப் பார்த்து, என் கடிகாரத்திற்கு மணி திருத்தி வைத்துக் கொடுத்தார்.